வாசலும் வழியும் கூட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது இடங்களில் மனிதர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், எங்கே தயங்கி நிற்கிறார்கள், எங்கே ஒருவரோடொருவர் முட்டிக்கொள்கிறார்கள் என்பதில் கட்டடத்தின் அமைப்புக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது பற்றி எழும் ஐயங்களுக்கான விடைகள் இவை. கோயில், கடைவீதி, ரயில் நிலையம், விளையாட்டரங்கம், கல்யாண மண்டபம் போன்ற கூட்டம் கூடும் இடங்களை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மனிதர்கள் தம் விருப்பப்படிதானே நடக்கிறார்கள்? அதில் கட்டடத்துக்கு என்ன வேலை?

விருப்பப்படிதான் நடக்கிறார்கள், ஆனால் அவர்கள் விரும்புவதற்கு எந்தெந்த வழிகள் கண்ணில் படும் என்பதைக் கட்டடம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. நடந்து போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஆலோசிப்பதில்லை. எதிரே எது அகலமாகவும் வெளிச்சமாகவும் நேராகவும் தெரிகிறதோ அந்தப் பக்கம் கால் தானாகப் போகிறது. முன்னால் போகிறவரின் முதுகும் ஒரு வழிகாட்டிதான்.

கட்டடம் சொல்கிறபடியே எல்லாரும் நடந்துவிடுவார்கள் என்பதும் இல்லை. போட்டுக் கொடுத்த பாதை வீண்சுற்றாக இருந்தால் மக்கள் தமக்கென ஒரு பாதையைத் தேய்த்து உண்டாக்கிக்கொள்வார்கள். கல்லூரி வளாகங்களின் புல்வெளிக்குக் குறுக்கே கிடக்கும் ஒற்றையடிப் பாதைகள் அப்படிப் பிறந்தவையே. அங்கே முள்கம்பி கட்டினால் ஒரு வாரத்தில் கம்பி வளைந்திருக்கும். சிகாகோவிலுள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் 2003இல் திறக்கப்பட்ட மாணவர் மையத்தை வடிவமைத்த ரெம் கூல்ஹாஸ் இந்தப் பிடிவாதத்தோடு சண்டையிடவில்லை. விடுதிகளுக்கும் வகுப்பறைகளுக்கும் இடையே கிடந்த வெற்று மனையில் மாணவர்கள் எந்தெந்தக் கோணத்தில் குறுக்காக நடந்தார்களோ, அந்தக் கோடுகளையே கட்டடத்துக்குள் ஓடும் நடைவழிகளாக்கி, இடையில் மிஞ்சிய துண்டுகளில் உணவகத்தையும் கடையையும் மற்ற அறைகளையும் வைத்தார்.

தெளிவான அறிவிப்புப் பலகைகள் வைத்தால் போதாதா?

பலகை உதவும், ஆனால் அமைப்போடு முரண்படும் பலகை பெரும்பாலும் தோற்றுவிடும். ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதியில் நான் சில காலைப்பொழுதுகள் உட்கார்ந்து பார்த்ததுண்டு. நுழைந்ததும் நேர் எதிரே மருந்து வழங்கும் சாளரம் இருந்தது. சீட்டுப் பதியும் இடமோ இடப்புறச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 'முதலில் சீட்டு பதியவும்' என்று மூன்று பலகைகள் தொங்கின. ஆனாலும் புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் நேரே மருந்துச் சாளரத்துக்குப் போய், அங்கிருப்பவரிடம் வழி கேட்டு, வந்த கூட்டத்தையே கிழித்துக்கொண்டு திரும்பினார்கள். படிக்கத் தெரியாததால் வந்த வினை என்று அங்கிருந்த ஊழியர் அலுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் படித்தவர்களும் அதே வழியில்தான் போனார்கள், ஏனென்றால் கண் பலகையை எட்டுவதற்குள் கால் நான்கு அடி போய்விடுகிறது. அந்தச் சாளரத்தையும் பதிவு மேசையையும் இடம் மாற்றியிருந்தால் பலகைகளுக்கே வேலை இருந்திராது.

ஒரு தெருவில் கூட்டம் மொய்க்க, அடுத்த தெரு காலியாகக் கிடப்பது ஏன்?

கடைகள் இருப்பதால் கூட்டம் வருகிறது என்பதே வழக்கமான விடை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1970களில் பில் ஹில்லியர், ஜூலியன் ஹேன்சன் ஆகியோர் தொடங்கிவைத்த ஆய்வுமரபு இதைத் திருப்பிப் போட்டது. ஊரின் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் குறைந்த திருப்பங்களில் போய்ச்சேரக்கூடிய தெருவில், கடை இல்லாவிட்டாலும் ஆள் நடமாட்டம் இயல்பாகவே மிகுதியாக இருக்கும்; அந்த நடமாட்டத்தை நம்பிக் கடைகள் வரும்; கடைகளால் நடமாட்டம் மேலும் பெருகும் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம்.

சென்னை ரங்கநாதன் தெருவைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கியவர் உஸ்மான் சாலைக்குப் போக நேராகக் கிடைக்கும் வழி அது. வண்டியிறங்கிய கூட்டம் முழுவதும் அந்தக் குறுகிய தெருவுக்குள் பாய்ந்ததால்தான் அங்கே ஒரு முழம் இடத்துக்கும் கடை முளைத்தது. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை, தெருவில் எதையும் வாங்கும் எண்ணமில்லாமல் வெறுமனே கடந்து போகிறவர்களைத் தனியே பிரித்து மேலே எடுத்துக்கொள்வதற்கானது. வாங்க வருகிறவர்கள் கீழேதான் நடப்பார்கள். அவர்களை மேலே அனுப்ப எந்தப் பாலத்தாலும் இயலாது.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இதற்கு நேர்மாறான நிலை இருந்தது. ஊரின் நடுவில், எல்லாரும் அறிந்த இடம். ஆனால் உள்ளூர்க்காரர்கள் அதன் நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரமாகச் சுற்றிப் போனார்கள். வடபுறத்தில் தேசிய ஓவியக் காட்சியகத்துக்கும் சதுக்கத்துக்கும் நடுவே வண்டிகள் ஓடும் சாலை. அதற்குக் கீழே உயரமான தடுப்புச்சுவர். படிக்கட்டுகளோ மூலைகளில் ஒதுங்கிக் கிடந்தன. ஆய்வின் பேரில் அந்த வடபுறச் சாலையை வண்டிகளுக்கு மூடி, தடுப்புச்சுவரின் நடுவே அகலமான படிக்கட்டு ஒன்றை இறக்கினார்கள். 2003இல் அது திறந்த பின் சதுக்கத்தின் நடுப்பகுதி நடைவழியாகவும், படிக்கட்டு உட்காரும் இடமாகவும் ஆயின.

நம் கோயில்களின் பிராகார அமைப்பை இந்தக் கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்க வேண்டிய முதல் இடமே அதுதான் என்பது என் கருத்து. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் என ஒன்றையொன்று வளைத்து நிற்கின்றன. ஆடி வீதி மதிலுக்கு உள்ளே இருக்கிறது. மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுகிறது. ஊரும் கோயிலும் ஒரே வரைபடமாக இருப்பதால் புதிதாக வந்தவர்கூட எந்த வீதியில் நின்றாலும் கோபுரத்தைப் பார்த்துத் தன் இடத்தை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். (நான்கு கோபுரங்களும் ஒன்றுபோல் தெரிவதால் செருப்பை விட்ட வாசல் எது என்று குழம்புவது வேறு கதை; அது எனக்கும் நேர்ந்திருக்கிறது.)

இந்த அமைப்பில் மூன்று நுட்பங்கள் உண்டு. வலம் வருதல் என்ற வழக்கம் எல்லாரையும் ஒரே திசையில் நடத்துகிறது. எதிரெதிராக வரும் கூட்டங்கள் மோதிக்கொள்வதே நெரிசலின் பெரிய காரணங்களில் ஒன்று என்பதால் இது ஒரு சடங்கு மட்டுமன்று. அடுத்தது, நடையின் வரிசை. கிழக்கே அட்டசக்தி மண்டபத்தின் வழியாக நுழைகிறவர் அம்மன் சன்னதிக்கு நேரான கோட்டில் வந்து, பொற்றாமரைக் குளத்தை ஒட்டி நடந்து, முதலில் மீனாட்சியையும் பின்னர் சுந்தரேசுவரரையும் வணங்குகிறார். முதலில் அம்மன் என்ற மரபு அந்த மண்டபத்தின் இடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது, அந்தக் குளம். தூண்கள் அடர்ந்த இருண்ட மண்டபங்களின் நடுவே திடீரென வானம் திறக்கும் இடத்தில் கூட்டம் தானாகத் தளர்ந்து, படிகளில் உட்கார்ந்து, பிறகு நகர்கிறது.

திருவரங்கத்தில் அளவு இன்னும் பெரியது. ஏழு பிராகாரங்கள், 21 கோபுரங்கள், ஏறத்தாழ 156 ஏக்கர். வெளிப்பிராகாரங்களில் உத்தர வீதி, சித்திரை வீதி என்று வீடுகளும் கடைகளுமாக மனிதர் வாழ்கிறார்கள். தெற்கே, 236 அடி உயரமாக 1987இல் நிறைவுற்ற ராஜகோபுரத்திலிருந்து உள்ளே போகப்போகக் கோபுரங்களும் வாசல்களும் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கருவறை வாசலில் முடிகின்றன.

இங்கேதான் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து உள்ளே குறுகும் அமைப்பு, வெளியேறுகிறவர்களுக்கு மிக நல்லது; ஒவ்வொரு வாசலைத் தாண்டியதும் இடம் விரிகிறது. உள்ளே போகிறவர்களுக்கோ அது ஒரு புனல். சாதாரண நாளில் அந்தப் புனல் பக்தியை ஒருமுகப்படுத்துகிறது. ஒரே வாசலை ஒரே நேரத்தில் எல்லாரும் கடக்க விரும்பும் வைகுண்ட ஏகாதசி போன்ற நாளில் அதுவே ஆபத்தான வடிவமாகிவிடும். சவுக்குக்கட்டைத் தடுப்புகளும் வளைந்து வளைந்து செல்லும் வரிசைகளும் அந்தப் புனலுக்கு நாம் வெளியிலிருந்து பொருத்தும் குழாய்கள்தாம்.

எத்தனை பேர் சேர்ந்தால் அது ஆபத்தான நெரிசல்?

மொத்த எண்ணிக்கை அவ்வளவு முக்கியமன்று. ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்பதே கணக்கு. ஒருவரோ இருவரோ இருந்தால் தடையில்லாமல் நடக்கலாம். நான்கு பேர் ஆனால் முன்னால் இருப்பவரின் வேகமே நம் வேகம். ஐந்தைத் தாண்டும்போது கவனம் தேவை. ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் நீர்மம்போல் நடந்துகொள்ளத் தொடங்கும் என்று அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் விளக்கியிருக்கிறார்: தனிமனிதரின் கால் வலிமைக்கு அங்கே மதிப்பில்லை, அலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் உடல் போகும். இத்தகைய இடங்களில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சுத்திணறி இறக்கிறார்கள். 'மிதிபட்டுச் சாவு' என்று செய்தித் தலைப்புகள் எழுதுவது பல நேரங்களில் நடந்ததைத் தவறாகச் சொல்கிறது.

வாசலின் அகலம் நேரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சமதரையில் 82 பேரும் படிக்கட்டில் 66 பேரும் கடக்கலாம் என்று கணக்கு வைக்கிறது. அதன்படி மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரே வாசல் வழியாகப் பத்தாயிரம் பேர் வெளியேற 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். மாநாட்டுத் திடலுக்கு இரண்டு லட்சம் பேர் வருவார்கள் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தகைய விபத்துகளுக்கு மக்களின் பதற்றமும் ஒழுங்கின்மையும்தானே காரணம்?

இந்தக் கேள்வி மிக அதிகமாகக் கேட்கப்படுகிறது. விடை பெரும்பாலும் 'அல்ல' என்பதே.

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளுக்கிடையே கால்பந்து அரையிறுதி ஆட்டம். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குச் சீட்டு பெற்ற ஏறத்தாழ 10,100 பேருக்கு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே விடும் சுழல்தடைகள் ஏழே ஏழு. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க, வெளியே நின்றவர்கள் நசுங்கத் தொடங்கினார்கள். அதைத் தணிக்கக் காவல்துறையினர் பிற்பகல் 2:52க்கு 'சி' எனப்பட்ட பெரிய வெளியேறும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே கண்ணில் பட்டது ஒரு சுரங்கவழி. அது போய்ச்சேர்ந்த இடம், ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகள், அதாவது நின்று பார்ப்பவர்களுக்காக வேலியிட்டுப் பிரித்த பகுதிகள். இருபுறமும் இருந்த பக்க அடைப்புகளில் இடம் இருந்தது. ஆனால் அங்கே போகும் வழிகள் மூலையில் திரும்பிச் செல்பவை, கண்ணுக்கு எளிதில் படாதவை. சுரங்கத்தின் தரை ஆறுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கியதால் பின்னால் வருகிறவர்களின் எடை முழுவதும் முன்னால் இருப்பவர்கள்மீது சாய்ந்தது. முன்புறத்திலோ, மைதானத்துக்குள் ரசிகர்கள் பாய்ந்துவிடாமல் இருக்க எழுப்பிய உயரமான கம்பிவேலி. உள்ளே நடப்பது சுரங்கத்துக்கு அப்பால் இருந்தவர்களுக்குத் தெரியவே வழியில்லை. 97 பேர் இறந்தார்கள்.

ரசிகர்களின் குடியும் முரட்டுத்தனமுமே காரணம் என்று உடனே கதை கட்டப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவற்றையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. கதவைத் திறந்தபோது சுரங்கவழியை அடைக்காமல் விட்டதை மிகப்பெரும் பிழையாகக் கண்டது. 2016இல் முடிந்த விசாரணையில் நடுவர் குழு, ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமன்று என்றும், அரங்கத்தின் அமைப்பிலும் குறை இருந்தது என்றும் தீர்த்துச் சொன்னது. குற்றம் சுமத்தப்பட்டவர்கள் அந்த ஒரு வரியைக் கேட்க 27 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

சுரங்கவழிக்குள் போனவர்கள் செய்தது, மேலே சொன்ன மருத்துவமனையில் மருந்துச் சாளரத்துக்குப் போனவர்கள் செய்ததேதான்: எதிரே தெரிந்த வழியில் நடந்தார்கள்.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது?

இழப்புகளிலிருந்து வந்தது. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் விக்டோரியா ஹால் என்ற அரங்கில் சிறுவர் நிகழ்ச்சி முடிந்ததும், மேடையிலிருந்து கீழே இருந்தவர்களுக்குப் பரிசுப்பொருள்கள் வழங்கப்படுவதைக் கண்டு மாடியிலிருந்த குழந்தைகள் படியிறங்கி ஓடினார்கள். படியின் அடியில் உள்நோக்கித் திறக்கும் கதவு, சீட்டுப் பார்ப்பதற்கு வசதியாக, ஒரு குழந்தை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும் அழுத்துதண்டுத் தாழ் கண்டுபிடிக்கப்பட்டதற்கு இந்த நிகழ்ச்சி ஒரு தூண்டுதல்.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா நாடக அரங்கில் தீப்பிடித்தபோது 600 பேருக்கு மேல் மாண்டார்கள். சில கதவுகள் உள்நோக்கித் திறப்பவை, சில திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்தவை, சிலவற்றின் தாழ் பழக்கமில்லாதவர்க்குத் திறக்கத் தெரியாதவை. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதியில் 492 பேர் இறந்ததற்கு முதன்மை வாசலில் இருந்த சுழல்கதவு ஒரு பெருங்காரணம். இருபுறமும் ஒரே நேரத்தில் தள்ளினால் சுழல்கதவு சுழலாது. வந்தவர்களில் பெரும்பாலோர் வந்த வழியையே தேடிப் போனார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆபத்து நேரத்தில் மனிதர்கள் அருகிலிருக்கும் வாசலைவிடத் தமக்குத் தெரிந்த வாசலையே நம்புகிறார்கள். ஆகவே 'அவசர வழி' என்று எழுதிப் பூட்டிவைத்த ஒரு கதவைவிட, தினமும் எல்லாரும் பயன்படுத்தும் இரண்டாவது வாசல் பல மடங்கு மேலானது.

இந்தியாவின் தேசியக் கட்டட நெறிமுறையும் வெளியேறும் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்று சொல்கிறது. நெறிமுறையில் இருப்பதும் கட்டடத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்திருந்தால், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைவேய்ந்த மாடி வகுப்பறைகளிலிருந்து இறங்க ஒரு குறுகிய படிக்கட்டை மட்டும் நம்பியிருந்த 94 குழந்தைகளை நாம் இழந்திருக்க மாட்டோம்.

படிக்கட்டுகளில் மட்டும் ஏன் அடிக்கடி விபத்து?

படிக்கட்டு நடக்கும் இடம். அதை நிற்கும் இடமாக்கும் எதுவும் ஆபத்து. 2017 செப்டம்பர் 29 காலை மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் 23 பேர் இறந்தார்கள். திடீர் மழைக்கு ஒதுங்கியவர்கள் பாலத்திலும் படியிலும் தேங்க, அடுத்தடுத்து வந்த ரயில்கள் மேலும் ஆட்களை இறக்கின. பாலத்துக்குக் கூரை இருந்தது, வெளியே கூரை இல்லை. ஆகவே கூரையின் விளிம்பே கூட்டத்தின் விளிம்பும் ஆயிற்று. அந்தப் பாலம் கட்டப்பட்ட காலத்தில் சுற்றிலும் இருந்தவை பஞ்சாலைகள். அவை மூடப்பட்டு அந்த நிலங்களில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தபின் ஒரே நேரத்தில் இறங்குகிறவர்களின் எண்ணிக்கை எங்கோ போய்விட்டது, பாலத்தின் அகலம் மட்டும் அப்படியே நின்றது. ராணுவப் பொறியாளர்கள் கட்டிய புதிய பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

நகரும் படிக்கட்டில் ஒரு பக்கம் நிற்பவர்களுக்கு, மறுபக்கம் நடப்பவர்களுக்கு என்ற வழக்கம் நல்லதா?

அவசரக்காரருக்கு நல்லது, கூட்டத்துக்கு நல்லதன்று. லண்டன் சுரங்க ரயிலின் ஹோபன் நிலையத்தில் 2015இல் இரு பக்கமும் நின்றே போகும்படி கேட்டுப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் மேலே போனவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியது. அந்த நிலையத்தின் ஏற்றம் 24 மீட்டர்; அவ்வளவு உயரம் நடந்து ஏற முன்வருகிறவர்கள் சிலரே என்பதால் நடப்போர் பக்கம் பாதி காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. உயரம் குறைந்த இடங்களில் கணக்கு வேறாக இருக்கும்.

ஒருவழிப்பாதை ஆக்கினால் நெரிசல் தீர்ந்துவிடுமா?

அந்த இடத்தில் தீரும். மெக்காவுக்கு அருகே மினாவில், ஹஜ் பயணிகள் கல்லெறியும் ஜமராத் பாலத்தில் பலமுறை பேரிழப்பு ஏற்பட்டது. 2006 ஜனவரி 12 அன்று மட்டும் 340க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தூண்களாக இருந்த கல்லெறியும் இலக்குகள் 2004இலேயே நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டிருந்தன. தூணைச் சுற்றி மொய்த்த கூட்டம் சுவரின் நீளத்துக்குப் பரவுவதற்காகச் செய்த மாற்றம் அது. 2006க்குப் பின் பழைய பாலமே இடிக்கப்பட்டு, வருகையும் திரும்புகையும் தனித்தனியாகப் பிரிந்த பல அடுக்குப் பாலம் கட்டப்பட்டது. பாலத்தின் அமைப்பில் அது பெரிய வெற்றி. ஆனால் 2015இல் பாலத்துக்குப் போகும் தெருக்கள் சந்திக்கும் ஓரிடத்தில் இரண்டு கூட்டங்கள் எதிர்ப்பட்டு, சவூதி அரசின் கணக்குப்படியே 769 பேர் இறந்தார்கள். ஒரு முடிச்சை அவிழ்க்கும்போது கயிற்றின் அடுத்த முடிச்சு எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாசலுக்கு முன்னால் ஒரு தூண் இருந்தால் கூட்டம் வேகமாக வெளியேறும் என்கிறார்களே?

கணினி மாதிரிகளில் அப்படி ஒரு விளைவு காணப்பட்டது. மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. இதை நம்பி யாரும் வாசலை மறித்துத் தூண் எழுப்ப வேண்டாம்.

பெரிய கடைகளில் வெளியே வரும் வழி தெரியாமல் சுற்றுகிறோமே, அது தற்செயலா?

தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற கட்டடக்கலைஞர் விக்டர் குருவன், மின்னசோட்டா மாநிலத்து ஈடைனாவில் 1956இல் திறக்கப்பட்ட சவுத்டேல் என்ற மூடிய வணிக வளாகத்தை வடிவமைத்தார். தம் ஊரின் நடைவீதிகளைப் போல மக்கள் கூடிப் பேசும் இடமாக அதை அவர் கற்பனை செய்தார். வணிகர்களுக்குப் பிடித்ததோ வேறொன்று: குறிப்பிட்ட ஒரு பொருளை வாங்க வந்தவர், வளாகத்தின் சுழற்சியில் அந்த நோக்கத்தை மறந்து வெறுமனே உலாவத் தொடங்கும் தருணம். அந்தத் தருணத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிற்காலத்தில் அவர் இத்தகைய வளாகங்களுக்குத் தம்மைத் தந்தை என்று அழைப்பதை வெளிப்படையாக மறுத்தார்.

நம் ஊர் ஜவுளிக்கடைகளில் இதன் உள்ளூர் வடிவத்தைக் காணலாம். மேலே போக நகரும் படிக்கட்டு கண்ணெதிரே இருக்கும். கீழே இறங்க வேண்டுமானால் அந்த மாடியின் மறுகோடிக்குப் புடவை அடுக்குகளைக் கடந்து போக வேண்டும். வாங்க வைப்பதற்கு இது கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் புகை கிளம்பினால் அந்தச் சுற்றுவழியில் யார் எப்படி இறங்குவார் என்பதற்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் விடை இல்லை.

நடமாட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மக்கள் எங்கே நின்று பேசுவார்கள், எங்கே உட்காருவார்கள் என்பதையும் அமைப்பு தீர்மானிக்குமா?

1970களில் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்ற மிக எளிய முடிவுக்கு வந்தார். எளிமையான உண்மைதான், ஆனால் உயரமான கட்டடத்துக்கு அனுமதி பெறுவதற்காகக் கீழே வெற்றுச் சதுக்கம் விட்ட பலருக்கு அது தோன்றவில்லை. 1975இல் நகர விதிகளிலேயே இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் பேச நிற்கும்போது ஓரமாக ஒதுங்காமல், நடப்போர் வழியின் நடுவிலேயே நிற்கிறார்கள் என்றும் அவர் கண்டார். திண்ணை வைத்து வீடு கட்டிய நமக்கு முதல் முடிவு புதிதன்று. இன்று அதே ஊர்களில் கடை முகப்பின் படிமீது யாரும் உட்காராதபடி கூர்கம்பி பதிக்கிறோம். அவ்வாறு விரட்டப்பட்டவர் நடைபாதையின் நடுவில் நிற்கிறார்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒரு சாய்தளம் அமைத்தால் போதுமா?

அந்தச் சாய்தளம் எங்கே போய் முடிகிறது என்பதைப் பொறுத்தது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மேல் செங்குத்தாக இருந்தால் தனியே ஏறுவது கடினம். சரியான சரிவிலேயே கட்டி, அதைப் பின்பக்கக் குப்பைத்தொட்டி அருகே கொண்டுபோய் விட்டு, முன்வாசலில் பத்துப் படி வைத்திருக்கும் அலுவலகங்கள் ஏராளம்.

நான் கட்டடக்கலைஞர் அல்லன். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சாப்பாட்டுக் கூடம் எந்தத் தளத்தில் இருக்கிறது, அதற்கு எத்தனை படிக்கட்டுகள் என்று பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகலப் படிக்கட்டில், மேலே சொன்ன கணக்குப்படி, ஒரே திசையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு பேர் போகலாம். 500 இலை போடும் பந்தியை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சாப்பிட்டவர் இறங்கும் நேரத்தில்தான் அடுத்த பந்திக்காரர் ஏறுகிறார், இருவருக்கும் அதே படி. ஏற ஒன்று, இறங்க ஒன்று என இரண்டு படிக்கட்டுகள் உள்ள மண்டபம் வாடகை சற்றுக் கூடுதலானாலும் எடுக்கத் தக்கது. கை கழுவும் இடம் நுழைவாயில் அருகே இல்லாமல் மறுகோடியில், இறங்கும் படிக்கருகே இருந்தால், வயிறு நிறைந்தவர்கள் இடம் பிடிக்கக் காத்திருப்பவர்களோடு மோத மாட்டார்கள்.

இரண்டாவது வாசலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று மேலாளர் தேடத் தொடங்கினால், அல்லது அந்த வாசலுக்கு முன்னால் சமையல் எரிவாயு உருளைகளும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கியிருந்தால், அடுத்த மண்டபத்தைப் பார்க்கப் போகலாம்.